டங், கடகட, பொத்

ஓசைத் தணிப்பு வாரியத்தின் படியேறிய அன்று கடிகாரக்காரருக்கு ஐம்பத்தோரு வயது. அதுவரை அவர் எந்த அலுவலகத்திலும் எந்தப் புகாரும் கொடுத்ததில்லை. வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கைக்கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒரு கண்ணில் லென்ஸ், விரல்களில் சாமணம். பலமாக மூச்சு விட்டால் கடுகளவு ஸ்க்ரூ பறந்துவிடும் என்பதால் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார்.

மனைவி நர்ஸ். பிறந்த குழந்தைகள் வார்டில் ஏழு மாதமாக இரவுப் பணி. காலையில் ஒன்பது மணிக்கு வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தால் மாலை ஐந்துக்கு எழுந்திருப்பாள். அப்படித்தான் ஏற்பாடு. ஆனால் படுக்கையறை ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்து இருந்தது. வெயிலுக்காகப் பின்முற்றத்தின் மேல் போன வருடம் தகரக் கூரை போட்டிருந்தார்கள். கூரைக்கு மேலே சந்தில் நிற்கிற மரத்தின் கிளை நீண்டிருந்தது. மரம் நகராட்சியுடையது. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. நகராட்சிப் பதிவேட்டில் 2117 என்று எண் மட்டும் உண்டு. அது குழந்தையின் கைமுட்டி அளவில், கல்லைப் போன்ற காய்களைக் காய்த்து, தோன்றியபோது உதிர்த்தது.

ஒவ்வொரு காயும் கூரையில் டங்கென்று விழும். சரிவில் கடகடவென்று உருளும். விளிம்பு தாண்டி மண்ணில் பொத்தென்று விழும். டங்குக்கு அவள் கண் விழிப்பாள். கடகடவுக்கு எழுந்து உட்காருவாள். பொத் கேட்ட பிறகுதான் மறுபடியும் தலை சாய்ப்பாள். பாதியில் படுக்க அவளால் முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு குழந்தையோட மருந்தை இன்னொரு குழந்தைக்கு எடுத்துட்டேங்க."

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றினார். "குடுத்துட்டியா?"

"இல்ல. பக்கத்துல இருந்தவ கையைப் பிடிச்சுட்டா." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அவ லீவு."

அவர் உடனே பக்கத்து வீட்டு வெல்டரிடம் போனார். கூரையைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"இதுக்கா அண்ணே இவ்வளவு முகவாட்டம்? தகரத்துமேல பழைய ரப்பர் ஷீட்டை விரிச்சுக் கட்டிட்டா ஒரு சத்தமும் வராது. அரை மணி நேர வேலை" என்றார் வெல்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஓசை வாரியத்துல அனுமதி வாங்கிடுங்க. போன மாசம் தெருக்கோடி வீட்டுக்காரர் கிரீச்சுன்னு கத்துற கதவுக்கு எண்ணெய் விட்டாரு. அனுமதியில்லாம ஓசையைக் குறைச்சதா நோட்டீஸ் வந்துடுச்சு. இப்போ அந்தக் கதவைத் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது. ஜன்னல் வழியா போயிட்டு வர்றாரு."

ஓசைத் தணிப்பு வாரியம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் 'அமைதியே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒவ்வொரு மேசையிலும் ஒரு கூப்பிடு மணி. ஊழியர்கள் உள்ளங்கையால் அடித்து அடித்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கி. டோக்கன் எண்ணை அது அலறும்போது காத்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதனால் தங்கள் எண்ணைக் கேட்கத் தவறி, புது டோக்கன் வாங்கப் போனார்கள்.

மூன்றாவது டோக்கனில் கடிகாரக்காரர் எழுத்தரின் முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன சத்தம்?" என்றார் எழுத்தர்.

"தகரக் கூரைமேல காய் விழற சத்தம் சார்."

"அது காரணம். நான் சத்தத்தைக் கேக்கறேன். டங்கா, டொங்கா?"

"டங் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. டங்னா உலோகப் பிரிவு, இங்கேயே முடிச்சிடலாம். டொங்னா பாத்திரப் பிரிவு, மாடிக்குப் போகணும். எத்தனை தடவை கேக்கும்? ஒரு தடவைதான்னா அது சம்பவம். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதுக்கெல்லாம் வாரியம் வராது."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத கடிகாரக்காரர் உண்மையைச் சொன்னார். "முதல்ல டங். அப்புறம் கடகட. கடைசியில பொத்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்தது. மணியை மூன்று முறை ஓங்கி அடித்துப் பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டார். "இங்க வாங்க, ஒரே காய்க்கு மூணு சத்தம்!" நான்கைந்து பேர் வந்து கடிகாரக்காரரை மரியாதையோடு பார்த்தார்கள்.

"டங்குக்கு உலோகப் பிரிவு, கடகடவுக்கு உருளல் பிரிவு, பொத்துக்கு வீழ்ச்சிப் பிரிவு" என்று எழுத்தர் மூன்று படிவங்களை நீட்டினார். "மூணும் தனித்தனியா ஒப்புதல் தந்தாதான் நீங்க ரப்பர் போடலாம்."

"டங் நின்னா மத்த ரெண்டும் தானா நின்னுடாதா சார்?"

"அது உங்க அபிப்பிராயம். உருளல் பிரிவுல பதினோரு பேர் வேலை பாக்கறாங்க."

கடிகாரக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சார், என் மனைவி பகல்ல தூங்கணும். இல்லேன்னா குழந்தைங்க உயிருக்கே ஆபத்து."

"தூக்கம் எங்ககிட்ட வராது. சுகாதாரத் துறை. குழந்தைங்களுக்கு வேற துறை." எழுத்தர் கனிவாகச் சொன்னார். "இங்க வந்தா சத்தத்தை மட்டும் பேசுங்க."

படிவங்களைக் கொடுத்த ஒன்பதாம் நாள் வாரியத்தின் ஒலி அளவையாளர் வந்தார். முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி, அதன் வாயைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அன்று இலை அசையவில்லை. பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை ஒரு காய்கூட விழவில்லை. நர்ஸ் ஐந்து மணி நேரம் அயர்ந்து தூங்கினாள். கடிகாரக்காரருக்கு அதில் சந்தோஷப்படுவதா, மரத்தின் கீழே போய்க் கெஞ்சுவதா என்று தெரியவில்லை.

அளவையாளர் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி வாசலுக்கு வந்தபோது காற்று எழுந்தது. அடுத்தடுத்து மூன்று காய்கள் விழுந்தன.

"கேட்டுதா சார்?" என்றார் கடிகாரக்காரர் பரபரப்பாக.

"நல்லா கேட்டுது. ஆனா பெட்டியை மூடியாச்சே" என்றார் அளவையாளர்.

அறிக்கை வந்தது. 'விண்ணப்பதாரர் குறிக்கப்பட்ட நாளில் சத்தத்தை ஆஜர்படுத்தத் தவறிவிட்டார். எனினும் வாரியம் பெருந்தன்மையுடன் எண்ணுபவர் ஒருவரை நியமிக்கிறது.'

எண்ணுபவர் ஒல்லியான மனிதர். மறுநாள் காலை ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, ஒரு பித்தளை மணியோடு வந்து பின்முற்றத்தில் உட்கார்ந்தார். காய் விழுந்தால் எண்ணி எழுத வேண்டும். எண்ணியதற்கு அத்தாட்சியாக மணியடிக்க வேண்டும். டங்குக்கு ஓர் அடி, கடகடவுக்கு நீளமாக ஓர் ஆட்டு, பொத்துக்கு இரண்டு அடி. ஒரு காய்க்கு மூன்று சத்தம் இருந்த வீட்டில் இப்போது ஏழு.

முதல் நாள் பதினோரு மணிக்கு நர்ஸ் தலையணையும் கையுமாக வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அந்த மணியைக் கொஞ்சம் குடுங்க."

"இது அரசாங்க மணி, அக்கா. கை மாறக் கூடாது."

"நான் தூங்கணும் தம்பி."

"நீங்க தூங்குங்கக்கா. நான்தான் முழிச்சிருக்கேனே."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது. நர்ஸ் அவரை உற்றுப் பார்த்தாள். எட்டு வருடம் நோயாளிகளைப் பார்த்த கண்.

"உங்களுக்கு எத்தனை நாளா தூக்கம் இல்ல?"

எண்ணுபவர் தயங்கினார். "நாலு வருஷமா. வாரியக் குடியிருப்புல இருக்கேன். பக்கத்துச் சுவர்தான் ஹாரன் சோதனைக்கூடம். ராத்திரி பூரா அடிச்சுப் பாப்பாங்க."

"புகார் குடுக்கலையா?"

"ஊழியர்கள் குடுக்கக்கூடாதுக்கா. குடுத்தா வாரியத்துல சத்தம் இருக்குன்னு ஆயிடுமே."

நர்ஸ் தலையணையோடு உள்ளே போனாள். அன்று பிற்பகல் எண்ணுபவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மணியின் நாக்கில் தன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். நான்கு நாள் கழித்து மேற்பார்வையாளர் வந்து அதைக் கண்டுபிடித்தார். முன் அனுமதியின்றி ஓசை தணித்த குற்றத்துக்கு எண்ணுபவருக்கு மெமோ கிடைத்தது. கைக்குட்டையைச் சாட்சியமாக எடுத்துப் போனார்கள்.

மூன்று வாரத்தில் பிரிவுகளின் முடிவு வந்தது. மரம் காயை விடுகிறது, காய் பேசாமல் விழுகிறது, சத்தம் போடுவது கூரை; கூரை விண்ணப்பதாரருக்குச் சொந்தம்; ஆகவே சத்தம் போடுபவர் விண்ணப்பதாரரே என்று உலோகப் பிரிவு கண்டறிந்திருந்தது. உருளல் பிரிவும் வீழ்ச்சிப் பிரிவும் ஆமோதித்திருந்தன. தட்டினால் ஒலிக்கிற தகடு என்ற வகையில் கூரை 'தாள வாத்தியம்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. கடிகாரக்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுத்தரிடம் ஓடினார்.

"சார், நான் வாத்தியக்காரன் இல்ல. கடிகாரம் ரிப்பேர் பண்றவன்."

"பயப்படாதீங்க. வாசிக்க உங்களுக்கு அனுமதி குடுத்திருக்கோம். காலை பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். அந்த நேரத்துல யாரும் தூங்க மாட்டாங்க, பாருங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"அந்த நேரத்துலதான் சார் அவ தூங்கறா!"

"அஞ்சு மணிக்கு மேல உங்க கூரை வாய் திறக்கக் கூடாது" என்றார் எழுத்தர். "அதுக்கும் நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம்."

ஏற்பாடு அன்று மாலையே வந்தது. ஐந்து மணிக்கு இரண்டு ஊழியர்கள் ஒரு பெரிய கயிற்று வலையோடு வந்து, நான்கு கம்பங்களை நட்டு, கூரைக்கு ஒரு முழம் மேலே வலையை இழுத்துக் கட்டினார்கள். அருமையான வலை. விழுந்த காய்களைப் பூப்போல வாங்கிக்கொண்டது. மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்கு, நர்ஸ் படுக்கையில் கால் நீட்டிய நேரத்தில், அவர்கள் திரும்பி வந்து வலையை அவிழ்த்தார்கள். தேங்கியிருந்த அறுபது, எழுபது காய்களும் ஒரே சமயத்தில் தகரத்தில் கொட்டின. எண்ணுபவர் மணியடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

கடிகாரக்காரர் வலைக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டார். "பகல்லயும் இதை அப்படியே விட்டுடுங்களேன். உங்களுக்கும் அவிழ்த்துக் கட்டற வேலை மிச்சம்."

"ஐயையோ, பகல்ல உங்களுக்கு அனுமதி இருக்கே சார்" என்றார் மூத்தவர். "அதைப் பயன்படுத்தாம விட்டீங்கன்னா அடுத்த வருஷம் புதுப்பிக்க மாட்டாங்க."

அந்த வாரக் கடைசியில் நர்ஸ் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மருந்து அலமாரி சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேங்க."

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. நானாத்தான் குடுத்தேன். துணி மடிக்கிற வேலை போதும்னு சொல்லிட்டேன். சின்னச் சின்னக் கைங்க. என் கை நடுங்குது."

இருபத்தேழு வருடங்களாக நின்றுபோன எல்லாவற்றையும் ஓடவைத்த மனிதர் அவர். அன்று முழுக்கத் திறந்த கடிகாரம் ஒன்றை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறு வாரம் வாரியத்திலிருந்து மகிழ்ச்சியான செய்தி வந்தது. ஒரே காயில் மூன்று பிரிவுகளும் ஒற்றுமையாகப் பணியாற்றிய ஒரே வீடு என்பதால் இது 'முன்மாதிரி வீடு' ஆகத் தேர்வு பெற்றிருக்கிறது. தலைவரே நேரில் வருகிறார். நேரம் நண்பகல் பன்னிரண்டு.

பின்முற்றத்தில் நாற்காலிகள் வந்தன. மைக் வந்தது. படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். ஆணி அடிக்க அங்கேதான் வாகாக இருந்ததாம். எழுத்தர் விதிப்புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்தார். எண்ணுபவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெல்டர் மதில் மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்த்தார். தலைவர் பூரிப்போடு கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"பெரியோர்களே! இந்த மரக்கிளையை வெட்டிவிடலாம் என்றார்கள் சிலர். கூரைமேல் விரிப்பைப் போட்டுவிடலாம் என்றார்கள் வேறு சிலர். நான் அவர்களைக் கேட்டேன்: அப்புறம் நாம் எதைத் தணிப்பது?"

அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"பதினெட்டு ஆண்டுகளில் இந்த வாரியம் ஒரு புகாரைக்கூட அவசரப்பட்டு முடித்ததில்லை. எண்ணாயிரம் புகார்கள் இன்றும் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை! சத்தம் ஒழிந்தால் ஊர் நிம்மதியாகத் தூங்கிவிடும். தூங்குகிற ஊருக்கு வாரியம் எதற்கு என்று கேட்கிற காலம் வந்துவிடும். அந்த ஆபத்திலிருந்து மக்களைக் காக்கவே நாம்..."

டங். தலைவர் துள்ளினார். கடகட. பொத். எண்ணுபவர் எல்லாவற்றுக்கும் மணியடித்தார்.

"கேட்டீர்களா?" என்றார் தலைவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு. "நம் துறை உயிரோடு இருக்கிறது!"

அப்போது வீட்டின் பின்கதவு திறந்தது. நர்ஸ் வந்தாள். தலை கலைந்திருந்தது. தலைக்கு மேலே, இரண்டு கைகளாலும் பிடித்தபடி, இரட்டைக் கட்டில் மெத்தை. யாரையும் பார்க்காமல், வலைக்காரர்கள் கூரையில் சாய்த்துவிட்டுப் போயிருந்த ஏணிக்கு நேராகப் போனாள். இரண்டு படி ஏறியதும் மெத்தை ஒரு பக்கம் சரிந்தது.

கடிகாரக்காரர் முன்வரிசையில், தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில், கௌரவிக்கப்பட்டவராக உட்கார்ந்திருந்தார். அவர் தலைவரைப் பார்த்தார். சரிகிற மெத்தையைப் பார்த்தார். எழுந்துபோய் அதன் மறுமுனையைத் தன் தோளில் தாங்கினார். இருவருமாக அதைக் கூரைமேல் ஏற்றி, கிளைக்கு நேர் கீழே விரித்தார்கள். அவர் தவழ்ந்து போய் நான்கு மூலைகளையும் கயிற்றால் கட்டினார்.

எழுத்தர் ஏணியடிக்கு ஓடிவந்தார். "இறங்குங்க! ஓசை தணிக்கிற வேலைக்கு முன் அனுமதி வேணும்!"

"யாரு ஓசையைத் தணிச்சா?" என்றாள் நர்ஸ் மேலிருந்து. "நான் மெத்தையைக் காயப் போடறேன்."

"என்னது?"

"எட்டு மாசமா இதுமேல புரண்டு புரண்டு வேர்த்து ஈரமா கிடக்கு. வெயில்ல போடணும். மெத்தை காயப் போட எந்தப் பிரிவுல அனுமதி வாங்கணும், சொல்லுங்க. வாங்கிட்டு வரேன்."

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். மூன்று பிரிவுகளின் தலைமை அலுவலர்களும் சுற்றி நின்று தலைகளைச் சேர்த்தார்கள். மெத்தை உலோகமல்ல என்றது உலோகப் பிரிவு. அது உருளாது என்றது உருளல் பிரிவு. அது விழவில்லை, வைக்கப்பட்டிருக்கிறது என்றது வீழ்ச்சிப் பிரிவு. வேறு பிரிவு எதுவும் வந்திருக்கவில்லை.

காற்று வீசியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிளையிலிருந்து ஒரு காய் கழன்றது தெரிந்தது. எண்ணுபவர் மணியை ஓங்கினார். காத்திருந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

"என்னய்யா?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் கேக்கலீங்க ஐயா."

பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக வாரியத்தின் உயர் அலுவலர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் அமைதியைக் கேட்டார்கள். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் இருமிப் பார்த்தார்.

தலைவர் சமாளித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "பொதுமக்கள் மெத்தை காயப் போடுவதில் இந்த வாரியம் தலையிடாது. ஆனால் காய்ந்த உடனே அகற்றிவிட வேண்டும். எண்ணுபவர் வாரம் ஒருமுறை வந்து தொட்டுப் பார்த்து அறிக்கை தருவார்." பேச்சில் விட்ட இடம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. விழா முடிந்தது.

நர்ஸ் உள்ளே போய்க் கட்டில் பலகையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்தாள். நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிய சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை. கடிகாரக்காரர் எழுப்பவும் இல்லை. வார்டுக்குப் போன் செய்து தாமதமாக வருவாள் என்று மட்டும் சொன்னார். பத்து நாள் கழித்து அவள் தானாகவே கேட்டு அலமாரிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கட்டிலுக்கு வேறு மெத்தை வந்தது. வெல்டர் ஒருநாள் ஏறிவந்து, கூரைமேல் இருந்த மெத்தைக்கு அடியில் ரப்பர் ஷீட்டைச் சொருகினார். தரையீரம் தாக்காமல் இருக்க என்று சொல்லிக்கொண்டார். கூரையில் தரை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எண்ணுபவர் திங்கட்கிழமைதோறும் வருவார். ஏணியில் ஏறி மெத்தையைத் தொட்டுப் பார்ப்பார். உச்சி வெயிலில் அது சருகாகக் காய்ந்து, கை வைத்தால் சுடும். நோட்டை எடுத்து 'ஈரம்' என்று எழுதுவார். மழைக்காலத்தில் அதுவே உண்மையாகவும் இருந்தது.

நான்காவது திங்களன்று எழுதி முடித்து இறங்கியவர் போகாமல் நின்றார்.

"அடுத்த வாரமும் ஈரமாத்தான் இருக்கும்னு தோணுது சார்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் கடிகாரக்காரர்.

எண்ணுபவர் ஜன்னலைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஒரு அரை மணி நேரம் இங்க இப்படி ஓரமா படுத்துக்கலாமா?"

கடிகாரக்காரர் உள்ளேயிருந்து ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து கூரையின் கீழே போட்டார். மணியை ஸ்டூலில் வைத்துவிட்டு எண்ணுபவர் தலையணையில் தலை சாய்த்துப் படுத்தார். மேலே காற்று எழுந்து கிளையை உலுக்கியது. காய்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவர் ஒன்றைக்கூட எண்ணவில்லை.